பௌர்ணமியன்று வாங்கிய ஷூ

"ஓடறது பெரிய விஷயமில்ல. நிக்கறதுதான் பெரிய விஷயம்" என்று சொல்லிவிட்டு, தருமன் சார் சிமென்ட் தரையில் இரண்டு கோடுகளை சாக்பீஸால் இழுத்தார்.

வேங்கிக்காலில் மாலை நேரத்தில் நடக்கும் ஸ்கேட்டிங் வகுப்பு அது. வேகமாக உருண்டு வர வேண்டும். முதல் கோட்டைத் தாண்டியதும் ஒரு காலைப் பின்னால் இழுத்துத் தேய்த்து, இரண்டாம் கோட்டைத் தொடாமல் நிற்க வேண்டும். அப்படி நிற்பவர்கள்தான் மாவட்டப் போட்டிக்குப் போகலாம்.

தென்றல் வந்தாள், தேய்த்தாள், நின்றாள். இரண்டாம் கோட்டுக்கு இன்னும் ஒரு முழம் இருந்தது.

"சபாஷ்! ஆனா இது வகுப்பு ஷூ. யாரு காலுக்கும் இழுத்து நீட்டிக்கற மாதிரி செஞ்சது. போட்டிக்கு இதைப் போட விடமாட்டாங்க. உனக்குன்னு ஒரு ஷூ வாங்கிக்கோ. அடுத்த வெள்ளிக்கிழமை அதைப் போட்டு நின்னு காட்டினா, உன் பேரைக் கொடுத்துடறேன்."

"எப்படிப் பாத்து வாங்கணும் சார்?"

"மூணு விஷயம். ஒண்ணு, உள்ள குதிகால் எழும்பக் கூடாது. ரெண்டு, முட்டியை மடக்கினா ஷூவோட கழுத்து முன்னால கொஞ்சம் வளையணும், பக்கத்துல சாயக் கூடாது. மூணு, தையலும் சக்கரமும் கெட்டியா இருக்கணும்."

குதிகால், கழுத்து, தையல். வீடு போய்ச் சேரும்வரை தென்றல் இதையே முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. அம்மா அருணாதேவிக்கு அன்று கிரிவலம் போகும் வேண்டுதல் இருந்தது. விடியும் முன்பே மூவரும் வெறுங்காலோடு கிளம்பினார்கள். தென்றல் மலையை முழுதாகச் சுற்றுவது அதுதான் முதல் தடவை. பாதி வழியில் அப்பா சரவணகுமார், "ஆட்டோ பிடிக்கட்டுமா?" என்று கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தாள்.

சுற்றி முடித்து, கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்தபோது கடைகள் திறந்துகொண்டிருந்தன.

"நல்ல நாளு. கையோட ஷூவையும் வாங்கிடலாம்" என்றாள் அம்மா.

தேரடி வீதியில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார் காசி. அவர் முதலில் எடுத்துக் காட்டிய ஷூவின் சக்கரங்களில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு மின்னியது. தென்றலுக்குக் கை பரபரத்தது. ஆனால் கழுத்தைப் பிடித்து அழுத்தியபோது அது வாடிய கீரைத்தண்டு போலச் சாய்ந்தது.

"இது வேணாம்ணா."

அடுத்ததை எவ்வளவு அழுத்தினாலும் வளையவில்லை. அதுவும் வேண்டாம். மூன்றாவது, கறுப்பு நிற ஷூ. முன்னால் வளைந்தது, பக்கவாட்டில் அசையவில்லை. தென்றல் தையலை நகத்தால் இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு சக்கரத்தையும் ஆட்டிப் பார்த்தாள். பிறகு சந்தேகம் வந்து, முதல் சக்கரத்தை இன்னொரு தடவை ஆட்டினாள்.

"மாட்டுச் சந்தையில கூட யாரும் இவ்ளோ நேரம் பல்லைப் புடிச்சுப் பாக்க மாட்டாங்க பாப்பா!" என்று காசி சிரித்தார்.

முப்பத்தைந்தாம் நம்பரில் விரல்கள் நசுங்கின. முப்பத்தாறு கச்சிதமாக இருந்தது. குதிகால் எழும்பவே இல்லை.

"முப்பத்தேழு எடுத்துக்கலாமே? வளர்ற புள்ள. முன்னால கொஞ்சம் பஞ்சு வெச்சுக்கலாம்" என்றார் அப்பா.

"பஞ்சு வெச்சா, பஞ்சுதான்பா போட்டிக்குப் போகும்."

முப்பத்தாறையே வாங்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் தென்றல் அப்படியே பாயில் விழுந்து, சாயங்காலம்வரை தூங்கினாள். எழுந்ததும் ஷூவைத் தேடினாள். "வீட்டுக்குள்ள உருட்டாத, டைல்ஸ் கீறிடும்" என்று அப்பா அதைப் பரண்மேல் வைத்துவிட்டிருந்தார்.

திங்கட்கிழமை வகுப்புக்குக் கிளம்பும்போது அம்மா, ஷூவுக்குக் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாள்.

"அம்மா, இது ஷூம்மா!"

"சக்கரம் இருக்குது இல்ல? அப்ப அதுவும் வண்டிதான்."

எட்டு எலுமிச்சம்பழங்களும் நசுங்கின.

வகுப்பில் தென்றல் லேஸை இறுக்கிக் கட்டி, வேகமாக வந்தாள். முதல் கோட்டைத் தாண்டினாள். காலைத் தேய்த்தாள். ஷூவுக்குள் குதிகால் மேலே எழும்பியது. ஷூ ஒரு பக்கம் போனது, கால் ஒரு பக்கம் போனது. இரண்டாம் கோட்டையும் தாண்டிப் போய் உட்கார்ந்த நிலையில் நின்றாள்.

"தவளை! தவளை தாவுது பாரு!" என்று கத்தினான் வல்லரசு. அவள் வகுப்பிலேயே உயரமான பையன் அவன்தான்.

இன்னொரு தடவை வந்தாள். மறுபடியும் அதேதான். தருமன் சார் மண்டியிட்டு, ஷூவின் பின்பக்கம் விரலை விட்டுப் பார்த்தார். விரல் சுலபமாக உள்ளே போனது.

"பெருசும்மா. உன் காலுக்கு இது பெருசு."

"கடையில கச்சிதமா இருந்துச்சு சார். நான் நல்லா பாத்தேன் சார்."

சொல்லும்போதே அவளுக்குச் சந்தேகம் வந்தது. நிஜமாகவே நன்றாகப் பார்த்தேனா? சக்கரத்தை இரண்டு தடவை பார்த்ததில் குதிகாலைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேனா?

ஆனால் அப்பாவுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. "கடைக்காரன் பெட்டியில வேற ஷூவை மாத்தி வெச்சிட்டான்" என்றார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூவரும் கடையில் போய் நின்றார்கள்.

"மாத்தி வெச்சிட்டீங்க" என்றார் அப்பா.

"இன்னா சார் இப்படிச் சொல்றீங்க? உங்க கண்ணு முன்னாலதானே பெட்டியில போட்டேன்!"

"அப்ப ரெண்டே நாள்ல எப்படிப் பெருசாச்சு? ஷூ என்னா, சோறு தின்னு வளருதா?"

"அதை நீங்க ஷூகிட்டதான் கேக்கணும்!"

இரண்டு பேரின் குரலும் ஏறிக்கொண்டே போனது. தென்றல் ஷூவைத் திருப்பி நம்பரைப் பார்த்தாள். முப்பத்தாறு. அன்றைக்கு அவள் போட்டுப் பார்த்ததும் முப்பத்தாறுதான். ஷூ மாறவில்லை. அப்படியானால் மாறியது எது?

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, சண்டையைப் பார்க்கப் பிடிக்காமல், குனிந்து கால்விரலில் மெட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மெட்டி சுலபமாகச் சுற்றியது.

"அம்மா, முந்தாநேத்து நடக்கும்போது மெட்டி கடிக்குதுன்னு சொன்னியே?"

"ஆமா. நடந்து நடந்து கால் வீங்கிப் போச்சு. சுத்தவே முடியல. இப்போ பாரு, தானா சுத்துது."

தென்றல் தன் காலைப் பார்த்தாள். மலையைச் சுற்றி வந்த காலோடு ஷூ போட்டுப் பார்த்திருக்கிறாள்! அன்று அம்மாவின் கால் வீங்கியிருந்தால், அவள் காலும்தானே வீங்கியிருக்கும்?

"அண்ணா, முப்பத்தஞ்சு இன்னொரு தடவை குடுங்களேன்."

காசி முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு விரலை நசுக்கிய அதே ஷூ. இன்று கால் உள்ளே போய் அழகாக உட்கார்ந்தது. முட்டியை மடக்கிக் குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். எழும்பவில்லை.

இதைச் சொன்னால் தப்பு தங்கள் பக்கம் என்று ஆகிவிடும். காசி ஷூவை மாற்றித் தர வேண்டிய அவசியமே இருக்காது. வெள்ளிக்கிழமை நின்று காட்ட முடியாது, போட்டியும் போய்விடும். சும்மா இருந்தால், அப்பா போடுகிற சத்தத்துக்கு ஒருவேளை மாற்றிக் கொடுத்தாலும் கொடுப்பார்.

காசியின் முகம் சிவந்துபோய் இருந்தது. தென்றலால் சும்மா இருக்க முடியவில்லை.

"அப்பா, அண்ணா மேல தப்பு இல்லப்பா. நடந்துட்டு வந்து வீங்கின காலோட போட்டுப் பாத்தேன். வீக்கத்துக்குச் சரியா இருந்துச்சு. வீக்கம் போயிடுச்சு, ஷூ பெருசாயிடுச்சு."

அப்பா தொண்டையைச் செருமினார். மகளின் காதருகே குனிந்து, "இதை வர்ற வழியிலயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். பிறகு காசியைப் பார்த்து, "மனசுல வெச்சுக்காதீங்க. ஜாஸ்தியா பேசிட்டேன்" என்றார்.

காசி சிரித்துவிட்டார். ஆனால் ஷூவைக் கையில் எடுத்ததும் சிரிப்புப் போய்விட்டது. "பாப்பா, எனக்கும் மாத்திக் குடுக்க ஆசைதான். ஆனா சக்கரம் தேஞ்சிருக்கு. குங்குமம் வேற. கிட்ட மோந்து பாத்தா எலுமிச்சம்பழ வாசனை. இதைப் புதுசுன்னு நான் யாருக்கு விக்கறது?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

தென்றல் யோசித்தாள். "புதுசுன்னு சொல்ல வேணாம்ணா. ஒருநாள் போட்டதுன்னு தெரிஞ்சே வாங்கறவங்களைக் கூட்டிட்டு வந்தா?"

"வந்தா கொஞ்சம் கம்மி பண்ணிக் குடுப்பேன். உனக்கும் முப்பத்தஞ்சை மாத்திடுவேன். ஆனா முப்பத்தஞ்சுல இந்த ஒரு ஜோடிதான் இருக்குது. வியாழக்கிழமை வரைக்கும் எடுத்து வெக்கறேன்."

யாரைக் கூட்டிக்கொண்டு வருவது? வீடு திரும்பும் வழியெல்லாம் தென்றல் வகுப்பில் உள்ள ஒவ்வொருவரின் காலையும் நினைத்துப் பார்த்தாள். சிலர் கால் சின்னது. சிலரிடம் சொந்த ஷூ இருந்தது. மிச்சம் ஒருத்தன்தான். வகுப்பு ஷூவைக் கடைசிவரை இழுத்து நீட்டியும் விரலை மடக்கிக்கொண்டே ஓட்டுகிறவன். அவன் அப்பாவும் இந்த வாரம் ஷூ வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை வல்லரசு அவளைப் பார்த்ததுமே, "இன்னா தவளை, இன்னைக்கு எத்தனை தாவு?" என்றான்.

"என்னைத் தவளையாக்கின ஷூ உனக்குச் சரியா இருக்கலாம். வந்து போட்டுப் பாக்கறியா?"

"நீ விழுந்த ஷூவா? எனக்கெதுக்கு?"

"நான் விழுந்தது உண்மை. ஒருநாள் போட்டதும் உண்மை. உனக்குச் சரியா இல்லைன்னா நானே வேணாம்னு சொல்லிடுவேன்."

வல்லரசு அவளை ஒருமாதிரி பார்த்தான். பிறகு, "சரி வா. எங்கப்பா ஆறு மணிக்கு வருவாரு" என்றான்.

வல்லரசு அப்பாவோடு கடைக்கு வந்தபோது தென்றல் அம்மாவோடு அங்கே காத்திருந்தாள்.

"இன்னைக்கு ஜாஸ்தி நடந்தியா?" என்று முதலில் கேட்டாள்.

"பைக்குல வந்தேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. போட்டுப் பாரு."

வல்லரசு போட்டுக்கொண்டு எழுந்தான். குதிகால் எழும்பவில்லை. முட்டியை மடக்கினான், ஷூவின் கழுத்து வளைந்தது.

"விரல் எப்படி இருக்கு?"

"சுண்டுவிரல் கொஞ்சம் வலிக்குது. பரவால்ல, எடுத்துக்கலாம்."

ஒரு கணம், அந்த 'பரவால்ல'வை அப்படியே பிடித்துக்கொள்ளலாமா என்று தென்றலுக்குத் தோன்றியது. காசியின் கையில் முப்பத்தைந்தாம் நம்பர் பெட்டி தயாராக இருந்தது.

"பரவால்லன்னா வேணாம்" என்றாள். "ரெண்டு ரவுண்டுல சுண்டுவிரல் கொப்புளமாயிடும். கழட்டு."

அம்மா அவளைப் பார்த்தாள். காசி பெட்டியைக் கீழே வைத்தார். வல்லரசு ஷூவைக் கழற்றினான். அவன் சாக்ஸ் சுண்டுவிரலுக்கு மேலே சுருண்டு, ஒரு சின்ன உருண்டையாக நின்றது.

"டேய், சாக்ஸை இழுத்து விடுடா!" என்றார் அவன் அப்பா.

இழுத்துவிட்டு மறுபடியும் போட்டான். நின்றான். குதித்தான். "இப்போ வலிக்கல. நிஜமா வலிக்கல!"

தென்றல் நம்பாமல் முன்பக்கத்தை அழுத்திப் பார்த்தாள். விரலுக்கு இடம் இருந்தது. பிறகு அவன் கேட்காமலே ஒவ்வொரு சக்கரத்தையும் ஆட்டிக் காட்டினாள்.

"குங்குமம் இருக்குது. பரவாயில்லையாப்பா?" என்று அம்மா தயங்கிக்கொண்டே கேட்டாள்.

"நல்லதாப் போச்சு. எங்க வீட்டுல பூசணிக்காயே உடைப்பாங்க" என்றான் வல்லரசு.

வெள்ளிக்கிழமை மாலை தருமன் சார் மறுபடியும் இரண்டு கோடுகளை இழுத்தார். முதலில் வந்தவன் வல்லரசு. கோட்டுக்குள் நின்றான். அடுத்து, முப்பத்தைந்தாம் நம்பர் ஷூவோடு தென்றல்.

முதல் தடவை அவள் பயந்து மெதுவாக வந்தாள். முதல் கோட்டுக்கு முன்பே நின்றுவிட்டாள்.

"இதுக்கு நடந்தே வந்திருக்கலாம்" என்றார் சார். "வேகமா வா."

தென்றல் தொடக்கத்துக்குத் திரும்பிப் போனாள். மூச்சை இழுத்தாள். பாதத்தை அழுத்தி உந்தினாள். காற்று காதில் இரைந்தது. முதல் கோடு கடந்தது. முட்டியை மடக்கினாள், ஷூ அவளோடு சேர்ந்து வளைந்தது. பின்காலை இழுத்துத் தேய்த்தாள். குதிகால் இருந்த இடத்திலேயே இருந்தது.

சக்கரங்கள் கிறீச்சிட்டு நின்றன. இரண்டாம் கோடு அவளுக்கு முன்னால், யாரும் தொடாமல், வெள்ளையாக அப்படியே கிடந்தது.

"ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு வேன்" என்றார் தருமன் சார். "ரெண்டு பேரும் சீக்கிரம் வந்துடுங்க."

"சரி சார்" என்றான் வல்லரசு.

தென்றலின் பதில் தூரத்திலிருந்து வந்தது. அவள் அதற்குள் அடுத்த ரவுண்டில் பாதி போயிருந்தாள்.