கண்ணாடி இல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமை

"அடிக்காதீங்க மிஸ்... பாவம்."

குரல் வாசலிலிருந்து வந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் மூன்றாவது அடி போட ஓங்கிய கையை நூர்ஜான் அப்படியே நிறுத்தித் திரும்பினாள். மழையில் தொப்பலாக நனைந்த ஒருவன், ஒற்றைக் கால் ஒடிந்த மூக்குக்கண்ணாடியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றிருந்தான். அவளிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, அவளுக்குப் பக்கத்திலிருந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்று சிரிக்கத் தெம்பில்லை.

கேம்பல் வீதியிலிருந்த அந்தச் சின்னக் கண்ணாடிக்கடை அவளுக்கும் அவள் அக்கா ஹபீபா பீவிக்கும் சொந்தம். கண் பரிசோதிப்பது நூர்ஜான். கல்லாவைப் பார்ப்பது அக்கா. முப்பத்துநான்கு வயதில், காலையிலிருந்து இரவு வரை பிறர் கண்களைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குத் தன் கண் எரியத் தொடங்கியிருந்தது. அக்கா கேட்பதெல்லாம் ஒரே கேள்வி, எப்போது கல்யாணம்... அதற்குப் பதில் சொல்லியும் சலித்துவிட்டது.

அன்று காலை மருத்துவமனையிலிருந்து டாக்டர் கூப்பிட்டிருந்தார். ஷேக் அலாவுதீன் என்ற பெரியவர், கடையின் பழைய வாடிக்கையாளர், கண்ணில் அழுத்தம் ஏறி அங்கே படுத்திருந்தார். உடனே அறுவைச் சிகிச்சை செய்வதா, மருந்திலேயே சமாளிப்பதா என்று முடிவெடுக்க ஆறு வருடமாக எடுத்த கண் அழுத்த அளவுகள் வேண்டும், மாலை நான்கு மணிக்குள் அனுப்பிவிடுங்கள் என்றார். அந்த அளவுகள் எல்லாம் இந்தப் பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்தன. வேறெங்கும் இல்லை. புதிதாக ஒன்று வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டுமென்று அவள் நினைத்து நான்கு வருடம் ஆகிறது.

இப்போது மணி இரண்டரை. பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது... திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது.

வந்தவன் தன் கதையைச் சொன்னான். ஜும்மா தொழுகை முடிந்து கப்பித்தான் பள்ளிவாசலிலிருந்து வெளியே வரும்போது திடீர் மழை. எல்லோரும் செருப்பைத் தேடி முண்டியடித்ததில் கண்ணாடி கீழே விழுந்து யாரோ மிதித்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிளில் புக்கிட் மெர்தாஜாமிலுள்ள வீட்டுக்குப் போக வேண்டும், கண்ணாடி இல்லாமல் முடியாது என்றான்.

இன்று முடியாது, நாளைக்கு வாருங்கள் என்று நூர்ஜான் வெடுக்கென்று சொன்னாள். சொன்ன மறுநொடியே மறுபடி பட்டனை அழுத்தினாள். பெட்டிக்குள்ளிருந்து மூன்று நீளமான கூவல் வந்து அடங்கியது.

"மூணு தடவை கத்துது, கேட்டீங்களா? அதுக்கு வாய் இருக்கு மிஸ், தனக்கு எங்க வலிக்குதுன்னு சொல்லுது."

"அண்ணே, நீங்க கண்ணாடிக்கு வந்தீங்களா, கம்ப்யூட்டருக்கு வந்தீங்களா?"

"கண்ணாடிக்குத்தான். ஆனா நீங்க என் கண்ணாடியைப் பார்க்கணும்னா, முதல்ல நான் இதைப் பார்க்கணும் போல இருக்கே."

அவன் பெயர் ஷஃபீக். தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன். பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்ட் முடித்து, மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு வந்திருக்கிறான். கண்ணுக்குக் கீழே கருவளையம். அதைக் கவனித்த நூர்ஜானுக்குக் கோபம் கொஞ்சம் குறைந்தது. தன் முகமும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

முதலில் சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கச் சொன்னான். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். உள்ளே சாம்பல் நிறத்தில் தூசு படிந்திருந்தது. அவன் மூக்கு இடிக்கும் அளவுக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோனான். பவர் குறைந்தது மைனஸ் ஆறு இருக்கும் என்று அவள் மனத்துக்குள் கணக்குப் போட்டாள். ஒரு சாண் தூரத்துக்கு மேல் இவனுக்கு உலகம் வெறும் புகை... அதில் நானும் ஒரு புகைதான்.

அவள் டார்ச்சைப் பிடித்தாள். விரல் நீளப் பச்சைத் தகடு இரண்டை அவன் மெல்ல உருவினான். அதுதான் மெமரி, அதன் ஓரத்தில் அழுக்கேறினால் கம்ப்யூட்டர் விழிக்காது என்று விளக்கினான். அழிரப்பர் கேட்டான். பென்சில் முனையிலிருந்த ரப்பரால், தங்கநிற ஓரத்தைக் குழந்தையின் நகத்தைத் துடைப்பதுபோலத் துடைத்தான். அந்தப் பொறுமை அவளை என்னவோ செய்தது. தனக்காக ஒருவர் இப்படி நிதானமாக ஒரு காரியம் செய்து எத்தனை நாளாயிற்று...

முதல் தகட்டை மட்டும் செருகிப் பார்த்தார்கள். மூன்று கூவல். அதை எடுத்துவிட்டு இரண்டாவதைச் செருகினார்கள்.

ஒரே ஒரு சின்னக் கூவல். திரை வெளுத்தது.

நூர்ஜான் மூச்சை விட்டாள். அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்திருந்ததே அப்போதுதான் தெரிந்தது. மூன்று ஐம்பதுக்கு எல்லாவற்றையும் டாக்டருக்கு அனுப்பி முடித்தாள். பிறகுதான் அவன் கண்ணாடியைக் கையில் எடுத்தாள். வில்லைகள் உடையவில்லை. பொருத்தமான சட்டம் தேடி, வில்லைகளை அதில் இறக்கி, அவன் காதோரம் சரிபார்த்து மாட்டிவிட்டாள்.

ஷஃபீக் இமைகளைக் கொட்டினான். முதன்முறையாக அவள் முகம் அவனுக்குத் தெரிந்தது. களைத்த, பெரிய, மழைக்கால வானத்தைப்போலக் கனத்த கண்கள்... அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சரியாத் தெரியுதா?"

"தெரியுது," என்றான்.

ஹார்ட் டிஸ்க் முனகுகிறது, எல்லாவற்றையும் வேறொன்றுக்கு மாற்றிவிட வேண்டும் என்று சொல்லி அடுத்த வெள்ளிக்கிழமை வந்தான். அதற்கடுத்த வாரமும் வந்தான். பெரியவருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை என்ற செய்தியை அவள் முதலில் சொன்னது அவனிடம்தான். மூன்றாவது வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரில் செய்வதற்கு எதுவுமே இல்லை. அவன் விசிறியைத் துடைத்தான். அவள் அவனை அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். இருவரும் அதைக் கவனித்தார்கள், இருவரும் கவனிக்காததுபோல் இருந்தார்கள்.

அக்கா ஹபீபா பீவியும் கவனித்தாள். தங்கை உள்ளறையில் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஷஃபீக்குக்குத் தேநீர் கொடுத்து, மரியாதையாகவே கேட்டாள்.

"கம்ப்யூட்டர் நல்லாயிருச்சுல்ல தம்பி? இனிமே வேலை இருக்காதுலா. எங்க தங்கச்சி டிகிரி படிச்சவ. அதுக்கேத்த மாதிரி மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்கோம்."

அவன் தேநீரைக் குடித்து முடித்தான். நன்றி சொன்னான். அதன்பிறகு வரவில்லை.

ஒரு வெள்ளி... இரண்டு வெள்ளி... மூன்று. நூர்ஜான் வாசலைப் பார்ப்பதைத் தானே கண்டுபிடித்துத் தன்மேல் எரிச்சல்பட்டாள். வராதவனை நான் ஏன் கூப்பிட வேண்டும்? வேலை முடிந்தது, போய்விட்டான். அவ்வளவுதான். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. பகலில் எழுத்து அட்டையிலிருந்த எழுத்துகள் அவளுக்கே ஆடின.

நான்காவது வாரம் வியாழக்கிழமையன்று, அலோர் ஸ்டாரிலிருந்து மருந்தாளர் ஒருவர் அவளைப் பெண் பார்க்க வரப்போவதாக அக்கா சொன்னாள். பேச்சோடு பேச்சாக, அந்தத் தம்பியிடம் விஷயத்தைத் தான் பக்குவமாகச் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள்.

நூர்ஜான் அக்காவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, மருந்தாளரை வரவேண்டாமென்று சொல்லச் சொன்னாள். தனக்கு ஷஃபீக்கைத்தான் பிடித்திருக்கிறது, அவருக்கும் சம்மதமானால் அவரைத்தான் கட்டிக்கொள்வேன், இல்லையென்றால் யாரும் வேண்டாம் என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அக்கா சண்டை போட்டிருப்பாள். அந்தக் களைத்த குரலைக் கேட்டதும், மருந்தாளர் வீட்டுக்குச் சொல்ல அக்கா போனை எடுத்தாள்.

மறுநாள் விடிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் நூர்ஜான் காரை எடுத்தாள். பாயான் பாருவைத் தாண்டி ஷஃபீக்கின் தொழிற்சாலை வாசலுக்கு வந்தபோது மணி ஏழு. தூறிக்கொண்டிருந்தது. இரவு ஷிப்ட் முடிந்தவர்கள் நீலச் சட்டையில் வரிசையாகக் கம்பெனி பஸ்களை நோக்கிப் போனார்கள். அவர்களுக்கிடையே ஷஃபீக் தலைகுனிந்து வந்தான். அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"என்னாச்சு? கம்ப்யூட்டர் மறுபடியும் எழும்பலையா?"

"அது நல்லா ஓடுது."

"அப்புறம்..."

"எதுவும் கெட்டுப்போகல. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

அவன் கண்ணாடியில் மழைத்துளிகள் விழுந்தன. துடைக்கவில்லை. அக்கா சொன்னதில் தப்பில்லை என்றான். தான் கிரீஸ் கையோடு திரிகிறவன் என்றான். நேற்றே அக்காவிடம் எல்லாம் பேசிவிட்டதாகவும், அக்கா அவனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருப்பதாகவும் அவள் சொன்னாள். முழுமனசோடு சொல்லவில்லை, ஆனாலும் சொன்னாள் என்று உண்மையையும் சேர்த்துச் சொன்னாள்.

பஸ் ஹாரன் அடித்தது.

"எனக்கு ரொம்ப அசதியா இருக்கு, ஷஃபீக்," என்றாள் நூர்ஜான். முதன்முறையாக அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "வேலையால இல்ல. தனியாவே அசந்து போறதுதான் தாங்க முடியல. இனிமே அசந்து போனாலும்... உங்க பக்கத்துல உட்கார்ந்து அசந்து போகணும்."

மூன்று வாரமாகத் தனக்கும் தூக்கமில்லை என்று சொல்ல நினைத்தான். கேம்பல் வீதி வரை இரண்டு தடவை வந்து, கடைக்குள் நுழையாமல் திரும்பியதைச் சொல்ல நினைத்தான்.

"எனக்கும் உங்களை விட்டா யாரும் வேணாம்," என்றான். அவ்வளவுதான் வந்தது.

பஸ் இன்னொரு தடவை ஹாரன் அடித்துவிட்டு, அவன் இல்லாமலே புக்கிட் மெர்தாஜாமுக்குக் கிளம்பியது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கார்க் கதவைத் திறந்துவிட்டாள்.