தகரச் சத்தத்துக்கு வந்த பதில்

கிட்ட வாருங்கோ, என்ரை குஞ்சுகள். கதவடியில் இருக்கிற ஆள் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி இரும், வெளியே காற்று ஈரமாக இருக்கிறது. சத்தத்தில் ஆசை வைத்த மூன்று சிநேகிதர்களின் கதையைச் சொல்லப்போகிறேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கோ. அதில் ஒரு வெட்கமும் இல்லை.

கசெற்றில் அந்தத் தட்டல் முன்பு இருந்ததில்லை.

ஜசிந்தாவுக்கு அது நிச்சயம். எந்த இடத்தில் லியோன் இருமுகிறான், எந்த இடத்தில் மனோகரி அடியைத் தவறவிட்டுச் சிரிக்கிறாள் என்று, மூன்று பேரும் அடித்துப் பதிந்த அந்தக் கசெற் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். தீவில் மின்சாரம் நின்று, கடைகளில் பற்றரியும் இல்லாமல் போன பிறகு, எல்லோரையும் போல அவளும் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோ வயரை ரெக்கோடரில் கொழுவி, மிதித்துத்தான் பாட்டுக் கேட்டாள். வேகமாக மிதித்தால் பாட்டுக் கீச்சிடும். கால் சோர்ந்தால் இழுபடும். அன்று மத்தியானம் புளியங்கூடல் வீட்டில் அவள் தனியே இருந்தாள். அம்மாவும் தங்கச்சியும் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார்கள், வீட்டைப் பார்க்கவென்று நின்றவள் அவள் ஒருத்திதான். மழை விட்டுவிட்டுத் தூறியது. குசினியில் ஈரவிறகு புகைந்து மணத்தது. கசெற்றில் லியோனின் கிற்றார் அரத்தால் இரும்பை ராவுவதுபோல் இழுபட்டுக்கொண்டிருக்க, அதற்கு அடியில், வெகு தூரத்தில், யாரோ பலகையில் தட்டினார்கள்.

டொக் டொக். கொஞ்சம் பொறுத்து, டொக்.

அவள் மிதிப்பதை நிறுத்தினாள். சில்லு மெல்ல ஓய்ந்தது. கிற்றாரும் மனோகரியின் தகர அடியும் குழைந்து, தடித்து, கிழவனின் கொட்டாவிபோல் அடங்கின. தட்டல் மட்டும் குழையவில்லை. ஸ்பீக்கர் ஊமையாகும் வரைக்கும் அது தன்பாட்டில், தன் வேகத்திலேயே தட்டியது.

லியோனும் மனோகரியும் அவளும் சேர்ந்து ‘தகரம்’ என்று பெயர் வைத்து நாலைந்து வருசம் அடித்துத் திரிந்தவர்கள். லியோனின் சித்தப்பா கப்பலில் வேலை செய்தவர். அவர் எங்கோ துறைமுகத்தில் வாங்கி வந்த கசெற் ஒன்றில் பாட்டே இல்லை. இரும்பு அலறியது, மைக் கூவியது, ஆரோ கத்தினார்கள். மற்றவர்கள் கசெற் பழுதென்று நினைத்தார்கள். இந்த மூன்று பேருக்கும் மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ திறந்தது. மனோகரியின் தகப்பன் ஐயாத்துரையின் வெறும் புகையிலைக் கொட்டிலில் லியோன் கிற்றார்க் கம்பியை அறுப்பதுபோல் இழுத்தான், மனோகரி மண்ணெண்ணெய்த் தகரத்தை அடித்தாள், ஜசிந்தா மைக்கை ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடித்து அதைக் கூவவைத்தாள்.

“கொட்டில் இடிஞ்சு விழுற மாதிரிக் கிடக்கு” என்று ஐயாத்துரை ஒருநாள் வாசலில் நின்று சொன்னார்.

“அது விழுற சத்தத்தைத்தான் நாங்கள் தேடுறம், ஐயா” என்றான் லியோன்.

“விழுந்தால் நீதான் திரும்பக் கூரை வேய்ஞ்சு தரவேணும்.”

அப்படித் தீவெங்கும் பத்துப்பதினைந்து பேர் சேர்ந்தார்கள். ஒருமுறை சாட்டிக் கடற்கரையில், வாடகை ஜெனறேற்றரில், பொழுதுபடும் வரை அடித்தார்கள். கேட்டவர்களில் பாதிப்பேர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மீதிப்பேர் அழுதார்கள், ஏன் என்று அவர்களுக்கே தெரியாமல். பிறகு நாட்டுச் சண்டை முற்றியது. ஒவ்வொருவராகத் தீவை விட்டுப் போனார்கள். போன ஆவணியில் லியோன் இந்தியாவுக்குச் செல்லும் வள்ளமொன்றில் ஏறினான். அந்த வள்ளம் அங்கே போய்ச் சேரவுமில்லை, திரும்பவுமில்லை. அன்றிலிருந்து ஜசிந்தா நாள் தவறாமல் தங்கள் கசெற்றை மிதித்துக் கேட்டாள். கால் நோகும்போது நிறுத்துவாள். அடுத்த நாள் திரும்பவும் போடுவாள்.

தட்டலைக் கேட்ட கையோடு, ஊரில் மிஞ்சியிருந்த மனோகரியைக் கூப்பிட்டு வந்து கேட்கச் செய்தாள்.

“எலி ஏதும் ஸ்பீக்கருக்குள்ளை குடியிருக்கோ?” என்று சிரித்துக்கொண்டுதான் மனோகரி சைக்கிளில் ஏறினாள். கொஞ்ச நேரம் மிதித்தாள். சிரிப்பு முகத்தில் அப்படியே காய்ந்தது. “ஜசி, இது நாங்கள் அடிச்சதில்லை.”

“எனக்குத் தெரியும்.”

“முந்தியும் இது கேட்டதோ?”

“இல்லை. இண்டைக்குத்தான். முதல் கேட்டதிலும் இப்ப கிட்ட.”

ஜசிந்தா சைக்கிளை இறக்கிக்கொண்டு போய், லியோனின் தாய் மரியநாயகியைக் கரியரில் ஏற்றி வந்தாள். கடற்கரையில் பிறந்து, கடற்றொழில்காரனைக் கட்டி, இரண்டு தமையன்மாரையும் கடலுக்குக் கொடுத்தவர் அவர். மனோகரி மிதித்தாள். மரியநாயகி ஸ்பீக்கருக்குக் காதைக் கொடுத்தார். அவர் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. கழுத்துச் செபமாலையை மட்டும் கைக்குள் பொத்திக்கொண்டார்.

“ஆர் அடிச்சது?” என்றார்.

“எது, மாமி?”

“தகரம். கடலிலை மூட்டம் போட்டால் நாங்கள் கரையிலை நிண்டு தகரம் அடிக்கிறனாங்கள், வள்ளம் திசை பிடிச்சு வரவெண்டு. வள்ளத்திலை இருக்கிறவன் கோலாலை பலகையிலை தட்டிப் பதில் குடுப்பான். இது அந்தப் பதில்.” அவர் ரெக்கோடரைப் பார்த்தார். “உங்கடை தகரத்தைக் கேட்டு ஆரோ பதில் தட்டுகினம்.”

ஜசிந்தா ரெக்கோடரைத் தொட்டாள். “நான் நெடுகப் போடுறனான், மாமி. அவன்ரை ஞாபகத்துக்கு.”

“போட்டுட்டு?”

“கால் நொந்தால் நிப்பாட்டுவன்.”

மரியநாயகி கண்ணை மூடினார். “அடிக்கத் தொடங்கினால் ஆள் கரை ஏறும்வரைக்கும் நிப்பாட்டப்படாது, பிள்ளை. பாதியிலை நிப்பாட்டினால் வள்ளம் திசைகெட்டுத் திரும்பிப் போயிடும். இவ்வளவு நாளும் என்ரை பிள்ளையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நடுக்கடலிலை விட்டிருக்கிறாய்.”

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“இண்டைக்கு நிப்பாட்ட வேண்டாம்” என்றார் மரியநாயகி. “அவன் வரட்டும். எப்படி வந்தாலும் வரட்டும். நான் ஒருக்கால் முகம் பாக்க வேணும்.”

அவனைக் கொண்டுவந்து சேர்த்துவிடலாம். கைவிட்டதைச் சரிசெய்துவிடலாம். ஜசிந்தாவின் மனம் அதைத்தான் பற்றிக்கொண்டது. மனோகரி இறங்க, அவள் ஏறி மிதித்தாள். மனோகரி கொல்லைப்புறத்தில் கிடந்த பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தேடிக் கொண்டுவந்து, கசெற்றோடு சேர்த்து அடித்தாள். கசெற் ஒரு பக்கம் முடிந்து திருப்பிப் போடும் இடைவெளியிலும் தகரம் ஓயவில்லை. வானம் இருண்டு, பொழுது சாயுமுன்பே முற்றம் மங்கியது. மரியநாயகி போத்தல் விளக்கைக் கொளுத்தி, வாசற்படியில் போய் இருந்தார்.

தட்டல் இப்போது ஸ்பீக்கருக்குள் இல்லை.

வெளியே. வயலுக்கு அப்பால். கடல் அந்தப் பக்கம்தான், ஆனாலும் கடல் அவ்வளவு கிட்ட இல்லை. டொக் டொக், டொக். பிறகு வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் முனையில். காற்றோடு சாதாளைப் பாசி மணமும், அதற்கு மேலே டீசல் மணமும் வந்தன. அயல் வீட்டு நாய் ஒரு தரம் ஊளையிட்டு, பாதியில் நிறுத்தியது. பனையோலை வேலியை ஈரமான ஏதோ உரசிக்கொண்டு வந்தது, நெடுக, மெதுவாக, வேலி முடியும் வரைக்கும்.

வேலிப் படலை திறந்த சத்தம் கேட்டது.

மனோகரியின் தடி அந்தரத்தில் நின்றது.

“அடி” என்றார் மரியநாயகி, திரும்பிப் பார்க்காமல்.

முற்றத்தில் ஒரு ஆள் நின்றது. இடுப்பில் கட்டிய சாரம் காலோடு ஒட்டியிருந்தது. தலைமயிரிலிருந்து தண்ணீர் வடிந்தது, மழை ஓய்ந்த பிறகும் வடிந்தது. தலை குனிந்திருந்தது. மரியநாயகி எழுந்து, விளக்கைத் தூக்கி, மற்றக் கையால் அந்த நாடியைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினார். நெடுநேரம் பார்த்தார்.

“இவனில்லை” என்றார். பிறகு அந்த ஆளிடம், வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசுகிற குரலில், “உள்ளை போய் இரும், தம்பி.”

அது உள்ளே வந்தது. ஜசிந்தாவைக் கடந்தது. குளிர். சுவரோடு சாய்ந்து குந்தியது. அதன் காலடியில் தண்ணீர் படர்ந்து சைக்கிள் ஸ்ராண்டைத் தொட்டது.

படலை திரும்பவும் திறந்தது.

ஒரு பெண். இடுப்பில் குழந்தை. மரியநாயகி விளக்கைப் பிடித்தார், முந்தானையால் குழந்தையின் முகத்தைத் துடைத்துவிட்டார். “இவையில்லை. உள்ளை வா, பிள்ளை.”

பிறகு ஒரு கிழவர். பிறகு ஒரே மாதிரிச் சட்டை போட்ட இரண்டு பெடியள். ஒருவருக்கும் லியோனின் முகம் இல்லை. சிலருக்கு அடையாளம் காண முகமே போதாது.

“மாமி,” என்றாள் ஜசிந்தா, “இது அவன்ரை வள்ளம் மட்டுமில்லை.”

“தெரியும்.”

“எல்லாரும் வருகினம், மாமி.”

“எல்லாரும்தானே கடலிலை போனவை.”

ஜசிந்தா காலை எடுக்கப் பார்த்தாள். எடுத்தால் சத்தம் நிற்கும். நின்றால் இவர்கள் வருவது நிற்கும். அவனும் நிற்பான். எங்கேயோ இருட்டில், கரையைக் காணப்போகும் நேரத்தில், இன்னொரு தரம் திரும்பிப் போவான். காலை எடுக்க ஏலவில்லை.

மனோகரி அழுதுகொண்டே அடித்தாள். கண் மூடியிருந்தது. உள்ளங்கை வெடித்துத் தடி சிவந்திருந்தது.

சுவரோரம் நிறைந்தது. அறை நிறைந்தது. குசினிக்குள்ளும் குந்தியிருந்தார்கள். மூச்சுச் சத்தம் இல்லை. சொட்டுச் சத்தம் மட்டும். எல்லாத் தலைகளும் தகரத்தின் பக்கம் திரும்பியிருந்தன.

வெளியே தட்டல் குறையவில்லை. ஒழுங்கையில், வயலில், வயலுக்கப்பால், அதற்கும் அப்பால் கடல்மேல். ஒன்றன்பின் ஒன்றாக. எத்தனை பலகைகள். எத்தனை கைகள்.

மிதித்தாள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது.

வாசலில் மரியநாயகி விளக்கை உயர்த்தி, அடுத்த நாடியை நிமிர்த்தினார்.

“இவனில்லை” என்றார். “அடியுங்கோ.”

அவ்வளவுதான், என்ரை குஞ்சுகள். இன்றைக்கு உங்கள் வீட்டிலிருந்து வெளியே போன ஆட்கள் அத்தனை பேரும், ஒருவரும் கூப்பிடாமலே, தங்கள் காலால் நடந்து, காய்ந்த உடுப்போடு வீடு வந்து சேரட்டும். உங்கள் வாசலில் எந்தத் தாயும் இன்னொருத்தி பிள்ளையின் முகத்தை விளக்குப் பிடித்துப் பார்க்காமல் இருக்கட்டும். உங்கள் அடுப்பு எரியட்டும், உங்கள் பாய்கள் எல்லாம் நிறையட்டும்.