கூட ஓடி வந்தவர்

அன்று விடியற்காலை விக்கிரவாண்டியில் கெங்கம்மாளின் காப்பிக் கடைக்குள் இருந்தவர்கள் மூன்று பேர். அடுப்புக்குப் பின்னால், பால் குண்டானை மறைத்தபடி கெங்கம்மாள். வாசலையொட்டிக் கிடந்த மல்லாட்டை மூட்டையின் மேல், பஞ்சரான சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, பஸ் கண்டக்டர் ராயப்பன். உள்சுவர் ஓரத்து பெஞ்சின் ஒரு முனையில், உடம்பெல்லாம் வேர்வை ஆவி பறக்க, துரைக்கண்ணு. பெஞ்சின் மறுமுனை காலியாக இருந்தது.

கெங்கம்மாள் மூன்று தம்ளர்களைக் கொண்டுவந்தாள். ராயப்பன் கையில் ஒன்றைக் கொடுத்தாள். துரைக்கண்ணுவின் பக்கத்தில் ஒன்றை வைத்தாள். மூன்றாவதை பெஞ்சின் காலி முனையில் வைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள்.

"யக்கா, இது யாருக்கு, உனுக்கா?" என்றான் ராயப்பன்.

"நான் எங்க தம்பி காப்பி குடிக்கிறேன்? இவரோட ஓடியாந்தாரே, அவருக்கு. வெளியவே நின்னுக்கினு இருக்காரு பாரு. பனி கொட்டுது, உள்ள வரச் சொல்லு."

ராயப்பன் மூட்டையிலிருந்து எழுந்து வெளியே தலையை நீட்டிப் பார்த்தான். ரோடு, புளியமரங்கள், மார்கழிப் பனி. "ஒருத்தரும் இல்லியே."

"இப்பத்தான் நின்னாரு. நான் வாசல் தெளிச்சிக்கினு இருந்தேன். ரெண்டு பேரும் தோளும் தோளும் இடிச்சிக்கினு வந்தாங்க. கூடப்பொறந்தவங்க போலன்னு நெனைச்சேன்."

"துரை, உன் நெழலுக்கும் சேத்து காசு கேக்குது யக்கா!" என்று சிரித்துக்கொண்டே ராயப்பன் அந்த மூன்றாவது தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தான். உடனே முகத்தைச் சுளித்தான். "இன்னாக்கா இது, ஒரே பாலுதானே? இது மட்டும் கெணத்துத் தண்ணியாட்டம் ஜில்லுனு இருக்குது."

துரைக்கண்ணு சிரிக்கவில்லை. நிலா மறைந்த பிறகுதான் அவன் ஓடிவந்தான். வழியில் ஒரு விளக்கு கிடையாது, ராயப்பனின் சைக்கிளும் பஞ்சராகிப் பின்தங்கிவிட்டது. நிழல் எங்கிருந்து விழும்?

துரைக்கண்ணுவுக்கு விழுப்புரத்தில் ஒரு கடலை எண்ணெய் மில்லில் மூட்டைகளை எடை போடும் வேலை. திண்டிவனத்துத் தேகப்பயிற்சி சங்கத்தார் வருஷாவருஷம் காணும் பொங்கலன்று திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் ஓட்டப்பந்தயம் ஒன்று நடத்தினார்கள். அசல் மாரத்தானுக்குக் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனாலும் ஊரில் எல்லோரும் அதை மாரத்தான் என்றே சொன்னார்கள். ஐம்பத்தெட்டாம் வருஷப் பந்தயத்தில் துரைக்கண்ணுவும் ஓடினான். பாதி வழிகூட வரவில்லை. புளியமரத்தடியில் சுருண்டு விழுந்தவனை மில்லுக்கு மல்லாட்டை ஏற்றிவந்த மாட்டுவண்டிக்காரன் தூக்கி மூட்டைகளின் மேல் போட்டுக்கொண்டு வந்தான். கடைத்தெருவில் ஜனங்கள் மாலையும் கையுமாக நின்றிருந்த நேரம் பார்த்து வண்டி உள்ளே நுழைந்தது. அன்றோடு அவன் பெயர் போயிற்று. "மூட்டை வருதுடா, எடை போடு!" என்று மில் வாசலில் கூவினார்கள். சந்தைக்குப் போனால் அவன் மனைவி காந்திமதியையே, "மூட்டை சம்சாரம்" என்றார்கள். அவள் அதை வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் சொல்லாததுதான் அவனைப் படுக்கவிடாமல் அடித்தது.

அந்த வருஷம் முழுக்க அவன் ஓடினான். முதலில் ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் விலாவில் ஊசி குத்தும். கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு ஓடக்கூடாது என்பதை வாந்தி எடுத்துத்தான் கற்றுக்கொண்டான். ஆடியில் முண்டியம்பாக்கம் வரைக்கும் நிற்காமல் போனான். ஐப்பசி மழையில் விக்கிரவாண்டியைத் தொட்டான். ராயப்பன் சைக்கிளில் கூட வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நேத்திக்கு இன்னிக்குத் தேவலாம்" என்பான். அவ்வளவுதான் முன்னேற்றம், ஆமை முன்னேற்றம். ஆனால் ஒவ்வொரு மைல் கல்லும் அவன் சொந்தக் காலால் சம்பாதித்தது.

கார்த்திகை கடைசியில் எல்லாம் மாறியது. விக்கிரவாண்டி ஆற்றங்கரைச் சுடுகாட்டை ஒட்டி வரும்போது, ஜல்லியில் இடறி வலதுகால் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. இருட்டில் தடவினான். ரோட்டோரத்து முள்ளில் வெள்ளையாக ஏதோ தொங்கியது. துணிக் கிழிசல். இரண்டு முனையிலும் யாரோ முடிச்சுப் போட்டு, முனைக்கொன்றாக இரண்டு வளையம் செய்து வைத்திருந்தார்கள். பன்னீரும் மஞ்சளும் கலந்த வாசனை. ஒரு வளையத்துக்குள் விரலை நுழைத்தான், அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. மிச்சத்தைப் புறங்காலில் சுற்றிச் செருகிக்கொண்டு எழுந்தான்.

வலி இல்லை. மூச்சும் வாங்கவில்லை. ராயப்பன் சைக்கிளை எழுந்து நின்று மிதிக்க வேண்டியதாயிற்று. "யாரு துரத்துனா உன்னை?" என்று கேட்டான்.

அதற்குப் பிறகு அந்தத் துணி இல்லாமல் அவன் ஓடவில்லை. சிலருக்கு ராசியான சட்டை. அவனுக்கு ராசியான துணி. நாளுக்கு நாள் வேகம் ஏறியது. ஒன்றே ஒன்றுதான் உறுத்தல். எப்படித்தான் செருகினாலும் ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் மறு வளையம் அவிழ்ந்துவிடும். அவிழ்ந்தது காலடியில் மிதிபடாது. வலது பக்கமாக, வெளியே, விறைப்பாக இழுபட்டுக்கொண்டே வரும்.

கெங்கம்மாள் மூன்று தம்ளர் வைத்த அன்று, பஞ்சர் ஒட்ட ராயப்பன் தங்கிவிட, துரைக்கண்ணு தனியாகவே ஊருக்குத் திரும்பினான். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. ஏரியில் தவளைகள் இரைந்தன; அறுத்துப் போட்ட நெல்தாளின் ஈரநெடியும் எங்கோ மூட்டம் போட்ட சாணிப்புகையும் பனியோடு சேர்ந்து தொண்டையில் இறங்கின; இரண்டு பக்கமும் புளியமரங்கள் தலைக்கு மேல் கைகோத்துக்கொண்டு வானத்தை மறைத்திருந்தன; அந்தக் குகை மாதிரியான ரோட்டில் தன் வெறுங்கால் தாரில் விழும் சத்தத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவன் ஓடினான்.

அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாக உன்னிப்பாகக் கேட்டான்.

இடது கால் விழுந்தது. வலது கால் விழுந்தது. பிறகு, அவன் வலப்பக்கத்தில், இன்னொன்று.

மறுபடி. இடது. வலது. இன்னொன்று.

இரண்டு பேர் ஓடினால் நான்கு அடி கேட்க வேண்டும். மூன்றுதான் கேட்டது. அவன் வலது கால் விழும்போது மட்டும் சத்தம் கனமாக விழுந்தது. இரண்டு கால்கள் சேர்ந்து விழுவதுபோல். பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவில், பக்கத்துப் பையனின் காலோடு காலைக் கட்டிக்கொண்டு ஓடுவார்களே, அதுபோல்.

தவளைகள் அடங்கிவிட்டிருந்தன.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வேகத்தைக் கூட்டினான். அதுவும் கூட்டியது. குறைத்தான். விரல் முன்னால் இழுபட்டது. நிற்க முடியவில்லை. ரயில்வே கேட்டின் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டபோதுதான் இழுப்பு விட்டது. வீட்டுக்கு வந்து குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். காந்திமதி துண்டை நீட்டினாள்.

"இன்னாங்க இப்பிடி நடுங்கறீங்க?"

"பனி."

"ஓடுறது போதுங்க. ஊரு சொன்னா சொல்லிட்டுப் போவுது."

அவள் முதல்முறையாக அதைச் சொன்னாள். அதனாலேயே அவனால் விட முடியவில்லை. பொங்கலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஜெயித்துவிட்டால் அந்தத் துணியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மறுநாளும் அதைக் கட்டிக்கொண்டுதான் ஓடினான். அதற்கடுத்த நாளும். தம்ளர் வைத்துவிடுவாளோ என்ற பயத்தில் கெங்கம்மாள் கடைக்குள் மட்டும் போகவில்லை.

போகிக்கு முந்தின நாள், மில்லில் கூட வேலை செய்யும் அப்பாதுரையின் தாயார் முனியம்மாள் இறந்துபோனாள். சாவுக்குப் போயிருந்த துரைக்கண்ணு கூட்டத்தோடு நின்றான். கிழவியின் தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் ஒரு முடிச்சு போட்டிருந்தார்கள். காலடியில் ஒருத்தர் குந்தி, கோடித்துணியில் நீளமாக ஒரு பட்டை கிழித்து, ஒரு முனையில் ஒரு வளையம், மறுமுனையில் ஒரு வளையம் முடிந்து, கிழவியின் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்து மாட்டினார். மேலே பன்னீர் தெளித்தார்கள்.

பார்க்காத சங்கதி இல்லை. எத்தனையோ சாவில் பார்த்ததுதான். ஆனால் பிணத்தின் காலில் பார்த்ததைத் தன் காலில் வைத்து நினைத்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்? துரைக்கண்ணுவுக்கு வலது கட்டைவிரல் மரத்துப்போயிற்று.

குழிமேட்டில் கால்விரல் கட்டு எடுக்கும் நேரம் வந்தது. அப்பாதுரை கையில் கத்தியைக் கொடுத்தார்கள். அவன் கிழவியின் காலருகே குனிந்தான். "மாமா, உருவிட்டா போதாதா?"

"டேய், அறுடா!" பெரியவர் ஒருத்தர் அதட்டினார். "முழுசா உருவிப் போட்டா கட்டு அப்பிடியே நிக்கும். வளையம் வெறுமனே கெடந்தா, அது உசுரோட இருக்கிறவன் காலைத் தேடிக்கினு போவும். உங்கம்மா நிம்மதியாப் படுக்க வேணாமா?"

அப்பாதுரை அறுத்தான்.

துரைக்கண்ணு தலைமுழுகக்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓடினான். மாடத்தில் வைத்திருந்த துணியை எடுத்து வெளிச்சத்தில் பிரித்தான். அவன் விரல் போட்ட வளையம் வேர்வையில் கறுத்து, நைந்து கிடந்தது. அது சரி. மற்ற வளையம் யார் விரலும் போடாதது. துவண்டு கிடக்க வேண்டியது. அது உருண்டையாக, விறைப்பாக, ஒரு விரல் இப்போதுதான் உள்ளேயிருந்து வெளியே வந்ததுபோல் திறந்து நின்றது. உட்புறம் ஈர மண். தொட்டான். ஜில்லென்றிருந்தது.

அரிவாள்மனையில் வைத்து நடுவே அறுத்தான். துணிதானே, ஆனால் நரம்பை அறுப்பதுபோல் அது வெடுக்கென்று துள்ளியது. இரண்டு துண்டையும் அடுப்பில் போட்டு, சாம்பலாகிற வரைக்கும் நின்று பார்த்தான். வீடெல்லாம் பன்னீர் வாசனை.

"யாருங்க பன்னீர் தெளிச்சது?" என்றாள் காந்திமதி, கொல்லையிலிருந்து.

மாட்டுப் பொங்கலன்று அவள் தாய்வீட்டுக்கு முகையூர் போய்விட்டாள். பந்தயம் முடிகிற நேரத்துக்குத் தம்பியோடு வந்து கடைத்தெருவில் நிற்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். பொழுது சாயும் வேளையில் துரைக்கண்ணு ஜன்னலோர மேஜையருகே உட்கார்ந்து சங்கத்துக் காரியதரிசிக்குக் கடிதம் எழுதினான். உடம்பு சரியில்லை என்றும், நாளைய பந்தயத்தில் தன் பெயரை நீக்கிவிட வேண்டும் என்றும். இரண்டே வாக்கியம். எழுதும்போதே மேஜைக்கடியில் பாதங்கள் குளிர்ந்தன. பனிக்காலம் என்று நினைத்துக்கொண்டான்.

ஜன்னலில் ராயப்பனின் முகம். சைக்கிளிலிருந்து இறங்காமலே ஒரு காலை ஊன்றி நின்றான். "திண்டிவனத்துக்குக் கடைசி பஸ்ஸு என்னுது. ஜல்தி சொல்லு, இன்னா சேதி?"

"இதைக் காரியதரிசி கையில குடுத்துடு. பேரை எடுத்துக்கினேன்."

"அடப்பாவி! ஒரு வருசம் உன் பின்னாலயே மிதிச்சிக்கினு வந்தவன் நான். இப்ப பேஜாரு பண்றியே. மறுபடி மூட்டைன்னுவானுங்கடா."

"சொல்லட்டும்."

"நீ ஓடலன்னா அப்ப யாருதான் ஓடுவா?"

துரைக்கண்ணு பேனாவை மூடினான். கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டான். இரண்டு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினான். ஜன்னல் கம்பி வழியாக நீட்டினான். ராயப்பன் அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான். மூக்கை உறிஞ்சினான்.

"யாரு வூட்ல சாவு? பன்னீரு வாசனை அடிக்குது."

சைக்கிள் நகர்ந்தது. டைனமோ கிர்ரென்று இரைந்தது.

துரைக்கண்ணு எழப் பார்த்தான். எழ முடியவில்லை. பாதங்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியவில்லை. குனிந்து பார்த்தான்.

கட்டைவிரல்கள் இரண்டும் ஒட்டி நின்றன. துணி இல்லை. நூல் இல்லை. ஒவ்வொரு விரலைச் சுற்றியும் ஒரு பள்ளம். சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ராயப்பா என்று கத்த வாயைத் திறந்தான். தாடை திறக்கவில்லை. உச்சந்தலையில் ஏதோ ஒன்று இறுகியது.

தெருமுனையில் டைனமோ வெளிச்சம் திண்டிவனம் ரோட்டுப் பக்கம் திரும்பியது. அதற்குப் பின்னால், கடிதத்தைத் துரத்திக்கொண்டு, தெருப்புழுதியில் வெறுங்கால் சத்தம். இடது. வலது. இடது. வலது.

மூன்று அடி இல்லை. இரண்டே அடி. அவன் கையாலேயே கட்டு அறுத்துவிட்ட கால்கள். இலேசாக, சந்தோஷமாக, ஓடிக்கொண்டிருந்தன.