சர்வருக்குத் தெரியாத துடிப்பு

"சர்வர் கணக்குப்படி நீங்க இப்ப தூங்கிட்டு இருக்கீங்க!"

கொட்டுகிற மழையில் சைக்கிளில் பறந்து வந்தவள், வாசல் கேட்டருகே அவன்மேல் மோதாமல் மயிரிழையில் பிரேக் பிடித்தாள்.

"யாரு நீங்க? வழியில மரம் மாதிரி நின்னுக்கிட்டு..."

"மானிட்டரிங் சென்டர் டெக்னீஷியன். உங்க கைப்பட்டையில கோளாறுன்னு வந்தேன். நாடி அறுபத்தாறு, நல்ல தூக்கம்னு காட்டுது. நீங்க என்னடான்னா..."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கைப்பட்டை உள்ளே, மதியத் தூக்கத்தில் இருந்த அம்மாவின் மணிக்கட்டில் இருந்தது. அம்மாவும் இதற்கு உடந்தை.

ஆறு மாதத்துக்கு முன் இதய வால்வில் ஆபரேஷன். அன்றிலிருந்து அவளுடைய ஒவ்வொரு துடிப்பும் மைய சர்வருக்குப் போகிறது. நூறைத் தாண்டினால் அண்ணனின் போன் அலறும். "ஏன் ஓடுற?" என்று அவனும் அலறுவான். டாக்டரே சைக்கிள் ஓட்டச் சொல்லிவிட்டார். அண்ணன் காதில் ஏறினால்தானே!

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"உங்க துடிப்பு அப்பப்போ ஒண்ணு தப்பித் தப்பி வரும். மூணு நாளா மதியத்துல ஒண்ணுகூட தப்பல." சொன்னவனின் காது மடல் சிவந்தது. "வேலை... வேலைக்காகத்தான் பாப்பேன்."

மழைத்துளி தொங்கிய இமைகள்... அதற்குள் அந்தக் கண்கள்... சே, இவனோடு சண்டை போட வேண்டாமா?

"அண்ணன்கிட்ட போட்டுக் குடுங்க, போங்க! உயிர் பொழச்சது ஒரு மூலையில உக்காந்திருக்கறதுக்கு இல்ல!"

அவன் போட்டுக் கொடுக்கவில்லை. அவளுடைய ஃபைலைப் புரட்டினான். டாக்டர் எழுதிய எல்லை நூற்று நாற்பது. அண்ணன் கெஞ்சி நூறாகக் குறைத்திருந்தான். அதை டாக்டரிடமே காட்டி, பழையபடி மாற்ற வைத்தான் டெக்னீஷியன்.

அதன்பின் மாலைதோறும் அவனிடமிருந்து போன். "இன்னைக்குப் பட்டையைக் கட்டியிருக்கறது நீங்களா, அம்மாவா?" இரண்டு நிமிடப் பேச்சு அரை மணியானது.

அண்ணனுக்கு விஷயம் தெரிந்தது. சென்டருக்கே போய், "கவனிக்க வேண்டியவன் காதலிக்கறதா?" என்று சத்தம் போட்டான். வீட்டில், "இந்த உடம்புக்குக் காதல் ஒரு கேடா?" என்றான்.

"ஆமா, கேடுதான்! எனக்கு வேணும்!"

ஆனால் போன் நின்றுவிட்டது. ஒரு சத்தத்துக்கே ஒடுங்கிவிட்டானா? சரி, இருக்கட்டும்... நானாகப் போய்க் கேட்பேனா? மாட்டேன். வீம்பாக இருந்தாள். உள்ளே வெந்துகொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் அவன் வாசலில் நின்றான். அண்ணன் குறுக்கே வந்தான்.

"என்ன, மறுபடியும் கோளாறா?"

"இல்ல சார். கவனிக்கிற ஆள் நோயாளிகிட்ட மனசை விடக் கூடாது. நீங்க கேட்டது நியாயம்தான். அதனால அவங்க ஃபைலை வேற ஆள்கிட்ட மாத்திக் குடுத்துட்டேன்." அவள் பக்கம் திரும்பினான். "ஒன்பது நாளா உங்க துடிப்பு எனக்குத் தெரியாது. இனிமே எப்படி இருக்கீங்கன்னு உங்ககிட்டதான் கேக்கணும்... உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. ஆயுசுக்கும் கேட்டுக்கிட்டே இருக்கவா?"

"தம்பி, அவ உடம்பைப் பத்தி உங்களுக்கு..."

"என் உடம்பு, என் மனசு. ரெண்டையும் பத்தி நானே பேசுறேன்ணா!" அவள் அண்ணனைத் தாண்டி வெளியே வந்தாள். அண்ணனின் கண் கலங்கியிருந்தது. அவன் கையைப் பற்றிக்கொண்டாள். "பயந்து பயந்தே என்னைக் காப்பாத்துன. போதும்ணா. இனிமே நான் வாழணும்."

அண்ணன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவள் நிமிர்ந்து, வாசலில் நின்றவனைப் பார்த்தாள். "படபடன்னு அடிச்சுக்குது. யாராலன்னு தனியா சொல்லணுமா? உங்களாலதான்! நாளைக்கும் வந்து கேளுங்க... தினமும் வந்து கேளுங்க!"