அனுமதிக்கப்பட்ட தடிமன்

கிளெண்டாவின் மூச்சுக்கு விலை பதினோராயிரத்து நானூறு பவுண்டு. முதலில் சொன்னது பதின்மூன்றாயிரம். சந்தையில் நாற்பது வருடம் திரைத்துணி விற்ற நெவில், பெண்டாட்டியின் உயிராகவே இருந்தாலும் சொன்ன விலைக்கு வாங்கிவிடுகிற ஆள் இல்லை.

அந்தப் பணத்துக்கு, குளிர் தாங்க வீட்டுக்கு வெளியே போர்த்திய புதுச் சுவரின் முதல் கோளாறு ஒரு டீக் கோப்பையால் தெரிந்தது. வேலை முடிந்த அன்று படுக்கையறை ஜன்னலின் அடித்திட்டில் கிளெண்டாவின் கோப்பை சாசரோடு சரியாக உட்கார்ந்தது. ஒரு விரல் இடம்கூட மிச்சமில்லை. சில நாள் கழித்து ஒரு காலையில் அதே சாசருக்கு முன்னால் அவளுடைய கண்ணாடிக்கூடும் ரேடியோவும் தாராளமாகக் கால் நீட்டி இருந்தன. நெவில் டோஸ்ட் தட்டோடு நின்று அதையே பார்த்தார். துணிக்காரரின் கண், முழம் போடாமலே அளவு சொல்லும். திட்டு அகலமாகியிருந்தது.

"என்ன, திட்டை சைட் அடிக்கிற?" என்றாள் கிளெண்டா கட்டிலில் சாய்ந்தபடி.

"இது இவ்வளவு அகலமாவா இருந்துச்சு?"

"குடுத்த காசுக்கு மேல கொஞ்சம் வந்திருக்கு போல. நீதான் அடிச்சுப் பேசுற ஆளாச்சே கிழவா, சந்தோஷப்படு."

அவள் மூக்கில் செருகியிருந்த மெல்லிய குழாய் போர்வை மேல் வளைந்து, தரையில் ஓடி, மூலையில் உறுமிக்கொண்டிருந்த ஆக்சிஜன் பெட்டிக்குப் போனது. நான்கு வருடமாக அந்தக் குழாயின் நீளம்தான் அவளுடைய உலகம். போன குளிர்காலம் முழுக்க அலமாரிகளில் கறுப்புப் பூஞ்சை பூத்தது. வடகடல் காற்று அட்டைச் சுவரைத் துளைத்து அவள் நெஞ்சுக்குள் போனது. "இந்த ஈரத்தில் இன்னொரு குளிர்காலத்தை உங்கள் மனைவி பார்க்க மாட்டார்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர்கள் குடியிருந்த கடலோரக் குடியிருப்புப் பார்க்கில் இருந்த வீடுகள் எல்லாமே லாரியில் இரண்டு பாதியாக வந்து, காங்கிரீட் மேடையில் ஒட்டவைக்கப்பட்டவை. வீடு குடியிருப்பவருடையது, மேடை பார்க் முதலாளியுடையது. ஆகவே சுவருக்கு வெளியே ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். மேனேஜர் ட்ரெவர் கொடுத்த அனுமதியில் நிபந்தனை இரண்டுதான்: வெளிப்பூச்சு யானைத் தந்த நிறமாக இருக்க வேண்டும், புதுச் சுவரின் தடிமன் பத்து சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. அடுத்த வீட்டுக்கும் இதற்கும் ஆறு மீட்டர் இடைவெளி இருந்தாக வேண்டும், தீ பரவாமல் இருக்க.

"உள்ள நீங்க சர்க்கஸே நடத்துங்க நெவில்," என்றார் ட்ரெவர். "சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் தலைவலி."

வேலை எடுத்தவன் டீன் என்கிற பொடிவைத்துப் பேசும் இளைஞன். விலை படிந்ததும் நெவில் பழக்க தோஷத்தில் கேட்டார்: "சரி, கொசுறா என்ன போடுற?"

டீன் தன் வேனைத் திரும்பிப் பார்த்தான். "வேற ஒரு வீட்ல கழட்டினது கிடக்கு. நல்ல கம்பளி மாதிரி. உள்ளடுக்கா வெச்சுத் தர்றேன். காசு வேண்டாம்."

"யார் வீட்ல?"

"தானமா வர்ற மாட்டுக்குப் பல்லு பாக்காதீங்க தலைவரே. சூடா இருக்கும், போதுமா?"

சூடாகத்தான் இருந்தது. ஹீட்டரை அணைத்த பிறகும் அறை சூடாக இருந்தது; சுவரில் உள்ளங்கையை வைத்தால் யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியின் வெதுவெதுப்பு; அதோடு ஒரு வாசனை, நனைந்த கம்பளிச் சட்டையை மூடிய அறையில் உலர்த்தியது போல், ஈரமும் உடம்பும் கலந்து, மருந்து நெடிக்கு அடியில் படுத்துக் கிடந்தது. சத்தம் போன விதம்தான் நெவிலுக்கு ஒப்பவில்லை. பத்து வருடமாக இரவும் பகலும் காதில் இரைந்த கடல் இல்லை, கூரைமேல் சண்டையிடும் கடற்பறவைகள் இல்லை, மழை ஜன்னலில் ஊமையாக வழிந்தது. அந்த வெறுமையில் ஆக்சிஜன் பெட்டியின் உறுமலும், அவள் மூச்சும், அவள் மூச்சுக்குச் சற்றுப் பின்னால் வரும் இன்னொன்றும் மட்டும் கேட்டன. குழாயில் காற்று போகும் சத்தம் என்று சொல்லிக்கொண்டார். நாற்பது வருடம் மற்றவர்களுக்குப் பொய் விற்றவருக்குத் தன்னிடமே ஒன்றை விற்பது பெரிய காரியமில்லை.

ஆனால் பழைய கடை டேப்பை எடுத்து அளந்தார். திட்டு ஒன்றரைச் சாண். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முழம். வெளியே போய்ப் பார்த்தால் தந்த நிறச் சுவர் காங்கிரீட் மேடையைத் தாண்டி, தொங்கும் வயிறு போல் புல்வெளிமேல் வந்திருந்தது. பூச்சில் ஒரு விரிசல் இல்லை. நன்றாக, வழவழவென்று, நேர்த்தியாக இருந்தது.

ட்ரெவர் கண்ணிலும் பட்டது. அடுத்த வீட்டுச் சுவரில் டேப்பைப் பிடித்து இந்தச் சுவருக்கு இழுத்தார். ஆறு மீட்டருக்கு ஒரு சாணுக்கு மேல் குறைந்தது.

"உங்கள நம்பித்தானே நெவில் கையெழுத்து போட்டேன்?"

"நான் ஒண்ணுமே பண்ணல, ட்ரெவர். அதுவா வருது."

"அதுவா வருதா? அப்ப சுவரு என்ன, முழுகாம இருக்கா?" தன் ஜோக்குக்குத் தானே சிரித்தவர், நெவில் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இதப் பாருங்க. ஒரு மாசம். பிரிச்சு எடுத்துடுங்க. இல்லன்னா முதலாளி கோர்ட்டுக்குப் போவாரு. இடமே போயிடும்."

"எடுத்தா அவ போயிடுவாளே."

ட்ரெவர் டேப்பைச் சுருட்டினார். அது சர்ரென்று உள்ளே போய்த் தட்டி நின்றது.

ஐந்தாறு முறை போனில் கூப்பிட்ட பிறகுதான் டீன் வந்தான். வேனை உள்ளே கொண்டுவராமல் வாசல் கேட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். தந்த நிற வயிற்றின்மேல் விரல் முட்டியால் ஒரு தட்டு. காதை வைத்தான். வைத்த காதை உடனே எடுத்துவிட்டு, சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டான். பிறகு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து தடித்த உறையை எடுத்து நீட்டினான்.

"முழுசா இருக்கு. எண்ணிக்குங்க."

"பணம் யாரு கேட்டா? இத வந்து பிரிச்சுக் குடு."

"தொட மாட்டேன். வேற யாரையும் தொடவும் விடாதீங்க."

"டீன், அந்தக் கம்பளி யார் வீட்டுது?"

"வயசான ஒரு அம்மா. தனியா இருந்தாங்கன்னு நெனச்சுத்தான் வேலைக்குப் போனேன்." அவன் பார்வை கிளெண்டாவின் ஜன்னலுக்குப் போனது. "தனியா இல்ல." உறையைப் புல்லில் வைத்துவிட்டு ஓடாத குறையாக நடந்தான்.

கேட்காமலே முழுப் பணத்தையும் திருப்பித் தருகிற வியாபாரியை நெவில் தன் வாழ்நாளில் கண்டதில்லை. அதுவரை கவலைதான் பட்டிருந்தார். பயம் முதன்முதலாக வந்தது அந்த உறையைக் குனிந்து எடுத்தபோது.

உள்ளே கிளெண்டா எழுந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் நிறம் வந்திருந்தது. கடந்த நான்கு வருடத்தில் இல்லாத நிறம்.

"ஷ்... கேளு," என்றாள்.

"என்னத்த?"

"நான் இழுக்கறப்ப அது விடுது. நான் விடுறப்ப அது இழுக்குது. பாதி வேலைய அது பாத்துக்குது, நெவில். மூச்சு சும்மா வருது பாரு." அவள் நெஞ்சு நிறைய இழுத்துக் காட்டினாள். இருமல் வரவில்லை. சுவருக்குள்ளிருந்து நீளமாக, திருப்தியாக, ஒரு மூச்சு இறங்கியது.

"கிளெண்டா, கிளம்பலாம். என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம். இன்னிக்கே."

"அந்த ஈர வீட்டுக்கா? அங்க எனக்கு ஒரு வாரம் தாங்கும். இங்க எவ்வளவுன்னு பாரு. நீதான வியாபாரி, எது லாபம்னு நீயே சொல்லு."

அவள் சிரித்தாள், சிரித்தும் இருமாமல் இருந்தாள். அந்தச் சிரிப்பை மறுபடி கேட்பதற்காகத்தானே எல்லாம்.

"கட்டில அந்தப் பக்கம் தள்ளு, கண்ணு. சுவரோரமா."

தள்ளினார். வேறென்ன செய்வார்?

அதற்குப் பிறகு அவள் சுவரைப் பார்த்தே படுத்தாள். சூப்பைக் குடிக்கத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. திட்டு இப்போது ஓர் ஆள் படுக்கும் அகலம். அதன் கோடியில் ஜன்னல் கண்ணாடி கிணற்றுத் தண்ணீர் போலச் சின்னதாக, தூரத்தில் மினுங்கியது. பகலிலேயே விளக்குப் போட்டார்கள். வெளிச்சம் திட்டின் பாதிவரைதான் போனது. நெவில் சமையலறையில் நாற்காலியில் தூங்கினார். தூங்கவில்லை. ஒரு மூச்சு. அதற்குப் பதில் மூச்சு. சில வேளை, இரண்டு பதில்.

கடைசியில் ஒரு பிற்பகல், சுவரைத் தானே வெளியிலிருந்து அறுத்துவிடுவது என்று தீர்மானித்தார். ரம்பத்தை எடுத்துப் படியில் வைத்தார். பிரிக்கச் சொன்னவர் ட்ரெவர்தான் என்றாலும், எழுத்தில் அனுமதி இல்லாமல் அறுத்தால் அதற்கும் ஒரு கோர்ட்டு வரும். இடம் போனால் இவளை எங்கே வைப்பது என்று மழையில் ட்ரெவரின் ஆபீசுக்கு நடந்தார். கிளம்பும்போது அவள் முதுகிடம் சொன்னார், இதோ வந்துவிடுகிறேன் என்று. அவள் கை மட்டும் அசைந்தது.

ட்ரெவர் டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தார். "நான் பிரிக்கத்தான் சொன்னேன். அறுக்கறதுன்னா அதுவும் மாற்றம்தான், நெவில். எழுதிக் குடுக்கணும்."

"சுவருக்குள்ள என்னவோ இருக்கு, ட்ரெவர்."

"வெளியில இருந்தா என் வேலை. வீட்டுக்குள்ள இருந்தா உங்க வேலை. சுவருக்குள்ளன்னா..." பிஸ்கட் உடைந்து டீயில் விழுந்தது. "அது யாரு வேலைன்னு முதலாளியக் கேட்டுச் சொல்றேன். திங்கட்கிழமை வாங்க."

நெவில் ஓடினார். எழுபத்தொரு வயதுக் கால்களால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

வீடு வெதுவெதுப்பாக இருந்தது. கம்பளி வாசனை.

"கிளெண்டா?"

கட்டிலில் போர்வை மடிப்புக் கலையாமல் இருந்தது. தலையணையில் தலை பதிந்த குழி. தொட்டார். சூடு.

திட்டில் எட்டிப் பார்த்தார். இருட்டு. கோடியில் ஜன்னல் இல்லை.

பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. குழாய் தரையில் ஓடியது. கட்டில் ஏறியது. தலையணையைத் தாண்டியது. பூப்போட்ட காகிதம் ஒட்டிய சுவருக்குள் போனது.

ஓட்டை இல்லை. கிழிசல் இல்லை. ஒரு நீலப் பூவின் நடுவே குழாய் முளைத்து நின்றது.

இழுத்துப் பார்த்தார். மெதுவாக.

அந்தப் பக்கமிருந்து இழுத்தது. மெதுவாக.

"கிளெண்டா! கிளெண்டா, நான்தான்!"

சுவர் மூச்சு விட்டது. காகிதப் பூக்கள் எல்லாம் ஒரு சேர முன்னால் வந்தன. பின்னால் போயின. ரம்பம் வாசற்படியில் இருந்தது. எந்த இடத்தில் அறுப்பது? அறுக்கும் இடத்தில் அவள் இருந்தால்? கை பெட்டியின் சுவிட்சுக்குப் போனது. நின்றது. நிறுத்தினால் அது நிற்கலாம். அவளும் நிற்பாள். கை அங்கேயே இருந்தது. எடுக்கவும் முடியவில்லை, அழுத்தவும் முடியவில்லை.

சுவிட்சுக்கு மேலே, கண்ணாடிக் குழலில், காற்று போகும் அளவைக் காட்டும் சின்னக் குண்டு மிதந்தது. டாக்டர் சொன்னது நிமிடத்துக்கு இரண்டு லிட்டர். திருகு இரண்டில்தான் இருந்தது. யாரும் தொடவில்லை.

குண்டு ஐந்தில் நின்றது.

கிளெண்டாவுக்கு இரண்டு. மீதி மூன்று.