ரீமா சாகவில்லை

திருச்சி நதிக்காப்பு மையத்தில் வேலை என்பது பழுப்பைத் தேடுவதுதான். சுவரளவு திரையில் உலகத்து ஆறுகள் நீலக் கோடுகளாக ஓடும். எந்தக் கோடு வறண்டு பழுப்பாகிறதோ, அதற்கு மேலே உள்ள அணையின் மதகை இங்கிருந்தே திறந்துவிட வேண்டும். தில்லைக்கரசிக்குப் பிடித்த வேலை. அந்தத் தை மாத மதியம் நைஜீரியாவின் வடமேற்கில் ரீமா ஆறு பழுப்பேறிக் கிடந்தது.

உயிரோட்ட விதி சின்னது: எந்த ஆறும் வருடத்தின் எந்த நாளிலும் வறண்டு கிடக்கக் கூடாது. எழுதியவர்கள் காவிரிக்காரர்கள். காய்ந்த மணலில் படுத்துப் போராடியவர்களில் தில்லைக்கரசியும் ஒருத்தி. உலகம் அதை ஏற்றது போராட்டத்தைப் பார்த்து இரங்கி அல்ல. கணினிக் கிடங்குகளைக் குளிர்விக்க வருடம் முழுக்கச் சீரான நீர் தேவைப்பட்ட நிறுவனங்கள் அதைத் தூக்கிப் பிடித்தன. பருவத்துக்கு மட்டும் ஓடும் ஆறு என்ற வகையே விதியில் இல்லை.

மதகைத் திறக்குமுன் கீழே உள்ள ஊருக்கு எச்சரிக்கை போகும். போன உடனே அழைப்பு வந்தது. திரையின் ஓரத்தில் ஒரு பெண், பெயர் ஹதிசா, அந்த ஊர் உழவர் சங்கத் தலைவி. உரைமாற்றிக் கருவி அவளுடைய ஹௌசா மொழியைத் திருச்சிப் பேச்சாக்கிக் கொடுத்தது.

"தங்கச்சி, மதகத் தொறக்காதீங்க."

தண்ணீர் வேண்டாம் என்று ஒருவர் சொல்லித் தில்லைக்கரசி கேட்டதே இல்லை. "ஏங்க்கா? ஆறு செத்துக் கெடக்கே."

"சாகல. போயிருக்கு. மழையோட வரும், மழையோட போகும். அதோட பழக்கமே அதான். போறப்ப வண்டல விட்டுட்டுப் போகும். அந்த ஈரத்துலதான் வெங்காயம் போட்டிருக்கோம்."

"ஆத்துக்குள்ளயா?"

"பின்ன, கூரை மேலயா? முன்னெல்லாம் வெள்ளம் கரையேறி வயல நனைக்கும். அத மழைக்காலத்துலயே அணையில அடைச்சுட்டீங்க. கரை காஞ்சு போச்சு. படுகைக்குள்ள எறங்கிட்டோம். இப்ப அங்கயும் தண்ணிய விடுறேங்கிறீங்க. ஊரோட வருஷச் சோறு அதுலதான் இருக்கு."

தில்லைக்கரசி படத்தைப் பெரிதாக்கினாள். மணலுக்கு நடுவே பச்சைக் கட்டங்கள். அவற்றின் மேல் எந்திரம் சிவப்பில் எழுதியிருந்தது: ஆக்கிரமிப்பு. காலையிலேயே பார்த்திருந்தாள். நம்மூர் ஆற்றில் குடிசை போட்டவர்களைப் பார்ப்பது போலத்தான் பார்த்திருந்தாள்.

மேலாளர் ஞானசேகரைக் கூப்பிட்டாள். அவர் நின்றபடியே கேட்டார்.

"ஆத்துல வெவசாயம் பண்ணிட்டு தண்ணி விடாதேன்னா என்னம்மா நியாயம்?"

"சார், அவங்க ஆறு அப்படித்தான். நம்ம ஆறு மாதிரி இல்ல."

"தண்ணி தண்ணிதானே? நாம ஒரு சொட்டுக்கு எவ்வளவு அலைஞ்சோம்? குடுத்தா வேணாங்குறாங்க."

"கேக்காமக் குடுக்கறோம் சார். அதுவும் அவங்க தண்ணிய, அவங்ககிட்டயே."

"தொறக்கலன்னா செத்த ஆறுன்னு பதிவாகும். அப்புறம் அணையே நம்ம கையில இருக்காது."

"இருக்க வேணாம் சார். நம்ம வயித்தெரிச்சல விதியாக்கி ஊரான் ஆத்துல ஊத்திக்கிட்டிருக்கோம். நான் தொறக்க மாட்டேன்."

ஞானசேகர் கோபப்படவில்லை. அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மதகுப் பொத்தானை அவரே அழுத்தினார்.

"ஓடுங்கக்கா! பிடுங்க முடிஞ்சதப் பிடுங்குங்க!" தில்லைக்கரசி கத்தினாள்.

ஊர் அணையின் காலடியில்தான் இருந்தது. நுரைத்த பழுப்பு நீர் மணலில் நாக்கை நீட்டி வந்தது. கரையிலிருந்து ஆட்கள் சரிந்து இறங்கினார்கள்; பானை, கூடை, பிள்ளையின் போர்வை, எது கிடைத்ததோ அது கையில். திரையில் ரீமா நீலமானது. அறையில் யாரோ கைதட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மேட்டூர் திறப்பில் செய்வதுபோல் ஒருவர் திரைமேல் ஒரு பிடி சாமந்தியைத் தூவினார்.

"அங்க என்ன சத்தம்?" மூச்சிரைக்கக் கேட்டாள் ஹதிசா.

பொய் சொல்லத் தில்லைக்கரசிக்கு வாய் வரவில்லை.

"கைதட்டுறாங்கக்கா."

கழுத்தில் தொங்கிய கைபேசியில் ஹதிசா இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவள் இரண்டு கைகளிலும் முற்றாத வெங்காயத் தாள்கள் இருந்தன. குனிந்து அடுத்த பிடியை இழுத்தாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது.