தோளுக்கு வந்த ஒட்டடைக் கம்பு

“நாளைக்கு எங்க ஊர்வலத்துக்கு எதிர்ல நீயும் நிப்பியாமே? ‘சுடு’ன்னு சொன்னா என்னடா பண்ணுவ?”

கட்டில்மேல் ஸ்பீக்கரில் போட்டிருந்த கைபேசியில் அக்கா கேட்டு முடிக்கவில்லை. கூரையை வருடிக்கொண்டிருந்த ஒட்டடைக் கம்பு அவன் தோளில் வந்து உட்கார்ந்திருந்தது. எப்போது இறக்கினான், எப்போது கன்னத்தைச் சாய்த்தான், தெரியவில்லை. அதிலிருந்து ஒரு சிலந்தி அவன் மணிக்கட்டில் இறங்கி, தன் வழியே போனது.

“நான் சுட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. பின்னாடி நிக்கிற அதிகாரிதான் பயப்படணும்.”

“விளையாடாதடா.”

“துப்பாக்கியத் தூக்க மாட்டேன். போதுமா?”

“போதும். நேரத்தோட சாப்ட்டுப் படு.”

அவனைத் தூக்கி வளர்த்தவள். மூடிய தையல் ஆலையைத் திறக்கச் சொல்லி நாளைக்கு முன்வரிசையில் நடக்கப்போகிறவள்.

தன் குறியைப் பற்றி அவன் சொன்னது ஒருகாலத்தில் பொய்யில்லை. போலீஸ் பயிற்சியில் இடது கால் என்றால் வலது காலை வைத்து, மொத்தப் படையையும் சிரிக்கவைத்த ஆள் அவன். பயிற்சியாளர் அடித்ததே இல்லை. தினமும் காதருகே வந்து ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: “காதுக்கும் கைக்கும் நடுவுல நீ எதுக்குடா நிக்கிற? நகரு.”

ஒருநாள் நகர்ந்துவிட்டான். பதக்கம்கூடக் கொடுத்தார்கள்.

இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போடத் தோன்றவில்லை. தூசியும் பூட்ஸ் பாலிஷும் கலந்த வாடை அடிக்கும் அந்த ஒற்றை அறையில், கம்பை மூலையில் சாத்திவிட்டு, எட்ட நின்று, தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டான். மெல்லச் சொன்னான்: “சுடு.”

வெறுங்கைகள் எழுந்தன. ஒரு கண் மூடியது.

சிரித்துப் பார்த்தான். காலி அறையில் அந்தச் சிரிப்பு யாருடையதோ போலக் கேட்டது.

கைகளைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு மறுபடி சொன்னான். பை கிழிந்தது.

கட்டிலில், கைகள் மேலேயே உட்கார்ந்து சொன்னான்.

நின்றுகொண்டிருந்தான்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. காவலர் குடியிருப்பில் ஒரு வீட்டு இருமல் நாலு வீட்டுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டில், ஓய்வு பெறப்போகும் ஏட்டு. ரகசியக் குரலில்: “சுடு.” கட்டில் கிறீச்சிட்டது. விருட்டென்று எழுந்து நிற்கும் சத்தம். அதற்கும் அப்பால் இன்னொரு குரல். இன்னொரு கட்டில். வரிசை நெடுகிலும், விளக்கில்லாத வீடுகளில், வீட்டுக்கொரு ஆள், தனியாக.

சுவரைத் தட்டி “அண்ணே” என்று கூப்பிட நினைத்தான். ஒரே ஒரு தட்டு போதும்.

கை வரவில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் மடங்கி, காற்றில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தது.

காலையில் தெரு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. முன்வரிசையில் அக்கா. அவனைப் பார்த்ததும் கையாட்டினாள்.

“டேய், சாப்ட்டியா?”

அதிகாரி ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார். இன்னும் பேசவில்லை. மூச்சுதான் கேட்டது.

காவலர் வரிசை முழுக்க, சட்டைக் கைகள் உரசின.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்தது. “இறக்குங்க... நான் சொல்லலையே... இறக்குங்கய்யா!”

யாரும் இறக்கவில்லை. காதுக்கும் கைக்கும் நடுவே திரும்பப் போய் நிற்கப் பார்த்தான். அங்கே இடமில்லை.

குழல் நுனியில் அக்காவின் முகம். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தம்பி விளையாடுகிறான்.

விரல் மடங்கத் தொடங்கியது.